கத்தரிக்காயை அளந்தவர்

எங்கள் கத்தரிக்காயை வெர்னியர் வைத்து அளந்த ஒரே மனிதர் அவர்தான். கத்தரிக்காய் என்றால் நாமெல்லாம் கையில் பிடித்துப் பார்ப்போம், காம்பைத் திருகிப் பார்ப்போம், கடைக்காரன் அசந்த நேரம் நகத்தால் கீறியும் பார்ப்போம். இவர் பையிலிருந்து அந்தக் கருவியை எடுத்து, அதன் வாய்க்குள் காயை நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் படித்து நோட்டில் எழுதினார். பிறகு கூடையை இரண்டாகப் பிரித்தார். இந்தப் பக்கம் பாஸ், அந்தப் பக்கம் ரிஜெக்ட். ஒட்டுவதற்குச் சிவப்பு ஸ்டிக்கர்கூடக் கொண்டுவந்திருந்தார்.

"சார், அது கொழம்புல போடுற காயி. மெசின்ல மாட்டுறது இல்ல" என்றேன்.

"அதுக்கில்லம்மா, ஒரே சைஸா இருந்தா ஒண்ணு போல வேகும்லா. எதுக்குச் சொல்லுதேன்னா, நம்ம ஆட்கள் கேக்காங்க" என்றார்.

அவர் வாழ்நாளில் ஒருநாள்கூட அடுப்படியில் நின்றதில்லை என்பது அந்த ஒரு பேச்சிலேயே தெரிந்துபோயிற்று.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பது குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் நிலத்தைத் தேடிவந்தார். பேரிகைக்கும் சூளகிரிக்கும் நடுவில், ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர். ஏற்பாடு இதுதான்: நாங்கள் மருந்தடிக்காமல் விளைவிக்க வேண்டும். விளைந்ததை, கூடவோ குறையவோ, அந்த முப்பது குடும்பமும் பங்குபோட்டு எடுத்துக்கொள்ளும். மழை கெடுத்தால் கெட்டதிலும் அவர்களுக்குப் பங்கு. மார்க்கெட்டில் தக்காளியைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த எங்களுக்கு அது கசக்குமா? எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கே தலையாட்டிவிட்டார். இந்த மனிதரும் ஏற்பாட்டோடு சேர்ந்து வருவார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். இறங்குகிற பெண்கள் சேற்றைப் பார்த்ததும் 'வாவ்' என்பார்கள், அடுத்த நிமிடம் செருப்பைக் கழுவத் தண்ணீர் கேட்பார்கள். பிள்ளைகளை மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். மாடு தலையைத் திருப்பினால் அதற்கும் என்னையே கோபித்துக்கொள்வார்கள். ஓர் அம்மாள் அவரைக்கொடியைப் பார்த்துவிட்டு, "இதை இன்னும் கொஞ்சம் நீட்டா கட்டக் கூடாதா?" என்று கேட்டாள். மண்ணைக் காக்க வந்தவர்களாம். அவர்கள் கையில் மண் ஒட்டியதை நான் பார்த்ததே இல்லை.

இந்தக் கூட்டத்தில் அவர் மட்டும் படம் எடுக்க மாட்டார். சட்டைப்பையில் ஒரு ஸ்டீல் டேப், கையில் ஒரு நோட்டு. வரப்பு அகலம், பாத்தி நீளம், தொட்டியின் ஆழம், எதையும் விட மாட்டார். ஒருமுறை எங்கள் களத்துமேட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்துக் கோடு போட்டார். இந்தக் கட்டம் தக்காளிக் கூடைக்கு, இந்தக் கட்டம் சாக்குக்கு, இந்த வழி ஆள் நடக்க. தொழிற்சாலையில் அப்படித்தானாம். எங்கள் கோழிகளுக்கு அந்தப் பயிற்சி இல்லாததால் அவை நடு வழியிலேயே எச்சமிட்டன. எருக்குழிக்கு 'மூலப்பொருள்' என்று பலகை எழுதி நட்டார். பக்கத்து நிலத்துக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து அதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். என் மாமியார் தெலுங்கில் அவரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவருக்குத் தெலுங்கு தெரியாது. "அம்மா என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்குதாம் சார்" என்றேன்.

கேள்வி கேட்டால் ஐந்து முறை 'ஏன்' கேட்பார். அதுவும் தொழிற்சாலைப் பாடம்தான். தக்காளி ஏன் வாடுது? வேர் அழுகிடுச்சு சார். ஏன் அழுகுச்சு? தண்ணி நிக்குது. ஏன் நிக்குது? மண்ணு இறுகிப்போச்சு. ஏன் இறுகுச்சு? இந்த இடத்தில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்னா, ஏழு வருசமா தக்காளி மேல தக்காளியா வெச்சுக்கினு இருக்கோம். வேற என்னாத்த வெக்கிறது? வவுறு கேக்குமா?" என்று கத்தினார். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஒரு தீர்ப்போடு வந்தார். ஒரு விதைப்புப் பட்டம் முழுக்கத் தக்காளி கிடையாது. கேழ்வரகும் இடையிடையே அவரையும் துவரையும் மட்டும். அதற்கு முன்னால் ஆட்டுக்காரரை அழைத்து, எருவுக்காக நிலத்தில் ஆட்டுக் கிடை போட வேண்டும். எங்கள் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் செய்ததுதான். அதை எங்களுக்கே வந்து புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார். அது தெரியாமலா நாங்கள் இருந்தோம்? கேழ்வரகை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல்தான் விட்டோம். அவர் அந்த முப்பது குடும்பத்தையும் உட்காரவைத்து, இந்தப் பட்டம் தக்காளி கேட்கக் கூடாது, கேழ்வரகையும் அவரையையும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். கேழ்வரகை என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் பட்ட பாட்டை ஞாயிறுதோறும் கேட்டேன். ஒருத்தி அதில் கேக் செய்தாளாம். கல் மாதிரி வந்ததாம்.

கிடை போட்ட நிலத்தில் மறு வருடம் ஓர் அடிக்கு ஓர் அடி குழி தோண்டி, உள்ளே இருந்த மண்புழுக்களை எண்ணினார். எண்பது வயதுக் கிழவன் மாதிரி முட்டி மடக்கிக் குந்தி, ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் விட்டு எண்ணினார். பதினேழு. முந்தைய வருடம் அதே இடத்தில் இரண்டு. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவரிடம் காட்டினால் அதையும் அளப்பார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் கோமாளி என்று தோன்றும். கோமாளியாக மட்டும் இருந்திருந்தால் தொல்லை இல்லை. அளந்ததை வெளியே சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அதுவும் யாருக்கு வலிக்குமோ அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். நல்ல நேரம், கெட்ட நேரம், நம்மவர், அடுத்தவர், எதுவும் கிடையாது. என் நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மரியாதைக்குக் கூப்பிட்டோம். பந்தலுக்கு வந்தவர் முதல் வேலையாகப் பந்தல்காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது நிக்காது, பாத்துக்கிடுங்க" என்று சம்பந்தியிடம் சொன்னார். நிற்காது என்ற வார்த்தையை நிச்சயதார்த்தப் பந்தலில் சொல்கிற ஆள் உலகத்தில் வேறு யாராவது உண்டா? அந்தக் கால் சாயங்காலம் சாய்ந்தது என்பது வேறு விஷயம். அதற்கும் அவர் வாய்தான் காரணம் என்று சொல்லித் திட்டினோம்.

கீரை விவகாரம் இதைவிட மோசம். அவருடைய குடியிருப்பில் கழிவுநீர்த் தொட்டியைக் காலிசெய்ய ஒரு டேங்கர் லாரி வரும். அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று குடியிருப்பில் ஒருவரும் கேட்டதில்லை. வாசலைத் தாண்டிவிட்டால் போதும், பிறகு அது யாருடைய பாடோ. இவர் ஒருநாள் ஸ்கூட்டரில் பின்னாலேயே போயிருக்கிறார். லாரி பதினைந்து கிலோமீட்டர் வந்து எங்கள் கால்வாயின் தலைமாட்டில் குழாயைத் திறந்துவிட்டதாம். வேறு ஆளாக இருந்தால் லாரிக்காரனைப் பிடித்துச் சத்தம் போட்டிருப்பான், அதோடு போயிருக்கும். இவர் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று, "நாம சாப்பிடுத கீரைக்கு நம்ம கக்கூஸ் தண்ணியத்தான் அனுப்பிக்கிட்டு இருக்கோம்" என்று அறிவித்துவிட்டார்.

அந்த டேங்கர் அதன் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அந்த வாரமே பதினான்கு குடும்பங்களும் வரவில்லை. கழிவை அனுப்பியவர்கள் வெட்கப்படவில்லை. கீரை போட்ட எங்கள்மேல் அருவருப்புப்பட்டார்கள். நான் அறுத்துக் கட்டி வைத்திருந்த கீரை மாட்டுக்குப் போயிற்று.

"கெணத்துத் தண்ணியத்தான சார் கீரைக்கு வுடுறோம்? இத ஏன் சார் அங்க போயி சொன்னீங்க? லாரிக்காரன்கிட்ட சொன்னா பத்தாதா?" என்றேன்.

"அனுப்புனது லாரிக்காரன் இல்லையேம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சமாதானமோ வருத்தமோ கிடையாது. உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, சொம்பு ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீதிப் பதினாறு குடும்பங்களோடு ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு மேல்புறம், கால்வாய் வரும் வழியில் வீட்டுமனை லேஅவுட் வந்தது. ரியல் எஸ்டேட்காரர் ஒருவர் இருபது ஏக்கர் புஞ்சையை வாங்கி, மண்ணடித்து மேடாக்கி, கல் நட்டு, வாசலில் இரண்டு யானை பொம்மைகளை நிற்க வைத்தார். கால்வாய் அந்த நிலத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டட இடிபாடு போட்டு மூடி மேலே தார் ரோடு போட்டுவிட்டார். ரோட்டுக்கு 'நதிக்கரைச் சாலை' என்று பெயர் வேறு. நதியைப் புதைத்த இடத்தில் கரை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் நல்ல மழை. ஏரிக்கு ஒரு சொட்டு வரவில்லை. மழைத்தண்ணீர் லேஅவுட்டைச் சுற்றிக்கொண்டு போய் நெடுஞ்சாலையில் தேங்கியது. கால்வாயில் தண்ணீர் ஓடினால்தான் எங்கள் கிணறு ஊறும், ஏரி நிறைந்தால்தான் வருடம் முழுக்க ஊறும். பொங்கலுக்குள் கிணற்றில் பாறை தெரிந்தது. போர் மோட்டார் மட்டும் இழுத்து இழுத்து இரண்டு மணி நேரம் ஓடிற்று. கால்வாயை ஒட்டி எங்களையும் சேர்த்து ஏழு குடும்பம். இரண்டு பேர் அந்த ரியல் எஸ்டேட்காரரிடமே விலை பேசப் போய்விட்டார்கள். தண்ணீரை நிறுத்தியவனுக்கே நிலத்தை விற்பது. அவருக்கும் அதுதான் வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரரும் ஆடிப்போனார். "ஏண்டி, எத்தினி நாளைக்கு இந்தக் கெணத்த எட்டிப் பாத்துக்கினு நிக்கிறது? நானும் நம்ம பையன் மாதிரி கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போறேன். குடுத்துட்டு ஒழிவோம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்று ஏக்கரில் கல் பொறுக்கிப் பொறுக்கி என் இரண்டு கையும் காய்த்துப்போனது. அந்த நிலத்தில் யானை பொம்மை நிற்பதை என்னால் பார்க்க முடியாது. மற்ற ஆறு வீட்டுக்கும் நானே நடந்தேன். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தோம். கால்வாயைத் திறக்காவிட்டால் நிலம் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவரும் எங்களோடு வந்தார். கிராமத்து வரைபடத்தின் நகலை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு, மூன்று ஞாயிறு கால்வாயின் நெடுகிலும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முள்ளில் வேட்டி கிழிந்தது. லேஅவுட் காவலாளி துரத்தினான். அதையும் எத்தனை மணிக்குத் துரத்தினான் என்று எழுதினார். நான் முதல்முறையாக அவருக்கு மனதார டீ போட்டுக் கொடுத்தேன். நம்ம பக்கத்துக்கும் இப்படி ஒரு பைத்தியம் வேண்டியதுதான் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு ஏழு குடும்பத்தையும் எங்கள் களத்துமேட்டுக்கு வரச்சொன்னார். நோட்டைப் பிரித்தார். "கால்வாய் வரைபடத்துல இருபதடி. லேஅவுட்டுக்குள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். எல்லாரும் பலே என்று தலையை ஆட்டினோம். நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "கீழே இங்க வந்தா, இந்தம்மா நிலத்துல பதினாலு அடிதான் இருக்கு. மிச்சம் ஆறடி வரப்புக்கு உள்ள கெடக்கு. அந்த போரும் மோட்டார் ரூமும் அதுக்குள்ள வருது" என்றார். பிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒருவருக்கு நான்கடி, ஒருவருக்கு ஏழடி, என் கொழுந்தனாருக்கு ஐந்தேகால் அடி. ஒருவரும் பாக்கியில்லை.

அது எங்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். என் மாமனார் வருடத்துக்கு ஓர் உழவுச்சால் என்று வரப்பைச் செதுக்கிச் செதுக்கிக் கால்வாய்க்குள் இறங்கியவர். எல்லா வீட்டு மாமனாரும் அப்படித்தான். தண்ணீர் அங்கேதான் கிடைக்கும் என்று போரையும் அங்கேயே போட்டோம். அதெல்லாம் ஊருக்குள் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். இவர் அதை என் களத்துமேட்டில், என் டீயைக் குடித்துக்கொண்டே, வாசித்தார்.

"சார், நீங்க எங்க பக்கமா, அந்தாளு பக்கமா?" என்று கேட்டேன்.

"இதுல பக்கம் என்னம்மா இருக்கு? அளந்தேன், ஆறடி வருது. நாளைக்கு சர்வேயர் வந்து அளந்தாலும் ஆறடிதான் வரும். அதுக்கு முன்னால நாமளே விட்டுட்டோம்னா, அப்புறம் அந்த லேஅவுட்காரரைக் கேக்கலாம்லா?"

"எங்க போர எடுத்துட்டு நாங்க நாக்க வழிக்கிறதா? இருபது ஏக்கர மூடுனவனும் ஆறடி வெச்சிருக்கிறவளும் உங்களுக்கு ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல. ஆனா ரெண்டும் எழுதியிருக்கேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழிக்கத்தான் கை போயிற்று. எங்கள் வீட்டுக்காரர் தடுத்தார். "இதுக்கு மேல எங்க நெலத்துல கால வெக்காதீங்க. உங்க காரு, உங்க நோட்டு, உங்க கேக்கு சுடுற பொம்பளைங்க, யாரும் வேணாம். படிச்ச புத்தியக் காட்டிட்டீங்க" என்றேன். ஏழு குடும்பமும் என் பின்னால் நின்றது. ஒருவர் அவருடைய ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார். அவர் மீதி டீயைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். டம்ளரைக் கழுவி வைத்தது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அதற்குப் பிறகு வரவில்லை. இரண்டு மாதத்துக்குள் அந்தப் பதினாறு குடும்பமும் கரைந்துவிட்டது. மண்ணைக் காக்க அவர்களைக் கூப்பிட்டு வர ஓர் ஆள் தேவைப்பட்டது போலிருக்கிறது.

சர்வேயர் வந்த நாளில் ரியல் எஸ்டேட்காரரும் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். சிரித்த முகம். "ஐயா, என் எடத்துல கால்வாய மூடிட்டேன்னு மனு குடுத்திருக்காங்கோ. நல்லது, அளங்க. மேலேருந்து ஏரி வரைக்கும் மொத்தமா அளங்க" என்றார். அளந்தார்கள். எங்கள் மோட்டார் அறைச் சுவரைத் தாண்டி அளவுச் சங்கிலி உள்ளே போய், என் கத்தரிப் பாத்தியில் நின்றது. ஆறடி. சர்வேயர் படித்ததும் நாங்கள் ஏழு பேரும் தரையைப் பார்த்தோம். "எடுத்தா எல்லாத்தையும்தான்மா எடுக்கணும். உங்களுது கால்வாய்க்குள்ள இருக்கறப்போ அவர மட்டும் எப்பிடி எடுக்கச் சொல்றது? பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார் சர்வேயர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ரியல் எஸ்டேட்காரர் போகும்போது எனக்குக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் விற்பதைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் மோட்டார் அறையின் சுவரில் போட்டேன். "உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றார். "ஆறடிய உடுறேன். மீதிய எவன் கேக்குறான்னு பாப்போம்" என்றேன். அந்த மனிதர் சொன்னதற்காக இடிக்கவில்லை என்று அப்போது என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். போர் போனது. கத்தரிப் பாத்தி ஒரு வரிசை போனது. ஆறு தென்னையில் இரண்டு போயின. என்னைப் பார்த்து என் கொழுந்தனார் எடுத்தார், அவரைப் பார்த்து அடுத்தவர். விலை பேசப் போன இரண்டு பேரும் கடைசியாக வந்து, முணுமுணுத்துக்கொண்டே வரப்பை வெட்டினார்கள். ஏழு பேரும் எடுத்துவிட்டதாக எழுதிக் கொடுத்த பிறகு ரியல் எஸ்டேட்காரருக்கு மறுக்க வழியில்லை. உத்தரவு வந்தது. நதிக்கரைச் சாலையை அறுத்துப் பாலம் வைத்து, இடிபாட்டை அள்ளிக் கால்வாயைத் திறந்தார்கள்.

அடுத்த மழைக்கு ஏரி நிறைந்தது. பல வருடம் கழித்து நிரம்பி வழிந்து கோடி போயிற்று. எங்கள் கிணற்றில் குனிந்தால் கையால் தண்ணீர் மொள்ளலாம். எங்கள் வீட்டுக்காரர் நிலத்தை விற்கிற பேச்சை விட்டார். ஏழு நிலமும் நிலமாகவே இருக்கிறது.

எங்கள் பக்கம் ஏரி நிறைந்தால் தெப்பம் விடுவது வழக்கம். கங்கம்மாவுக்குப் பூஜை போட்டு, கிடா வெட்டி, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அதற்குக் கூட்டம் போட்டபோது யாரோ ஒருவர், "அந்த டேப்பு சாரையும் கூப்புட்டா இன்னா? அவரும்தான நடந்தாரு" என்றார். என் கொழுந்தனார், "வேணாம்பா. அந்தாளு வந்தா கிடாவ எடை போட்டு, கறி எத்தினி கிலோ கொறையுதுன்னு மைக்குல சொல்லுவாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான்தான். அவருடைய நம்பர் என் போனில்தான் இருந்தது. ஓசூர் என்ன, சீமையிலா இருக்கிறது?

தெப்பத்தன்று ஏரிக்கரையில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் வெள்ளைச் சட்டையில், சிரித்த முகத்தோடு ரியல் எஸ்டேட்காரர். மூன்று கிடாவும் அரிசி மூட்டையும் அவர் உபயம். பூஜை முடிந்ததும் முதல் மாலை அவருக்குப் போட்டார்கள், சால்வையும் அவருக்கே. மைக்கில் ஒருவர், "நம்ம ஏரிக்குத் தண்ணி வர்றதுக்காகத் தன்னோட சொந்த ரோட்டையே அறுத்துக் குடுத்த வள்ளல்" என்றார். ஊர் கைதட்டியது.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கால்வாய்க்கு இடம் விட்ட ஏழு குடும்பமும் அங்கேதான் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எழுந்து நின்று, இல்லை, நடந்தது அப்படி இல்லை என்று அந்த ஆள் முகத்துக்கு நேராகச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டியிருந்தது. எனக்கு வாய் இல்லையா? அதே வாயால்தானே ஒரு மனிதரை என் நிலத்தை விட்டுத் துரத்தினேன். யாராவது சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். கறி நன்றாக வெந்திருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.